நிழலில் மட்டும் ஓடிய கார்

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மே மாதப் பகல் ஒன்றில், கடலூர் சில்வர் பீச்சில் வேண்டுமென்றே வெயிலாகப் பார்த்து காரை நிறுத்தினேன். பத்தடி தள்ளி நல்ல நிழல் இருந்தது. கண்ணாடி நான்கையும் முழுக்க ஏற்றிவிட்டு, மீன்தொட்டிக்கு வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டுப் போனோம். இரண்டு மணிநேரம் கழித்து வந்து பார்த்தபோது 63 டிகிரி காட்டியது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடுப்பு அனல். சாவியை ஒரு கட்டம் திருப்பினேன். டேஷ்போர்டுக்கு அடியில் 'டக்'. பின் சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி 'விர்'. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"இதுக்குத்தானா புதுச்சேரியிலிருந்து இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி. ஆமாம், இதற்குத்தான். அந்த 'டக்'கைத் தேடி ஒரு வருஷத்துக்கு மேல் சுற்றியிருக்கிறேன்.

கார் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். விடெக் என்றால், இன்ஜின் வேகம் ஏறும்போது வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் ஹோண்டாவின் ஏற்பாடு. சிட்டி இந்தியாவுக்கு வந்தது 1998-ல். அந்த முதல் வடிவத்தின் கடைசிக் காலத்தில் வந்த இந்த விடெக் மாடலுக்கு 106 குதிரைத்திறன். 2003 கடைசியில் உருவமே மாறி அடுத்த சிட்டி வந்தபோது, மைலேஜுக்காக ஐ-டிஎஸ்ஐ என்ற 77 குதிரைத்திறன் இன்ஜினைப் போட்டார்கள். அதனால்தான் பழைய விடெக்கை இன்னும் சிலர் தேடிக்கொண்டு அலைகிறோம். பார்த்தால் ஆபீஸ் போகிற சாதுவான செடான். மிதித்தால் வேறு ஆள்.

எனக்கு இது லாஸ்பேட்டையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து 2024 மார்ச்சில் 85,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பி.ஒய். 01 பதிவு, ஒரே ஓனர், ஓட்டம் 1,38,000 கிலோமீட்டர். வரி மிச்சம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் இங்கே பதிவு செய்து கொண்டுபோகிற ரகம் இல்லை, உள்ளூரிலேயே ஓடிய வண்டி. கொடுக்கும்போது அவர் ஒன்றை மறைக்காமல் சொன்னார். "உச்சி வெயில்ல மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும் சார். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்தீங்கன்னா சரியாயிடும்." நோயை முழுசாகச் சொல்லிவிட்டார். நான் அதை விலை குறைக்கிற சாக்காக மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரலிலேயே அடம் ஆரம்பித்தது. வெயிலில் அரைமணி நேரம் நின்றால் போதும், செல்ப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பின் சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் பம்ப்பின் சத்தம் வரவில்லை என்பதை நானே கவனித்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக, அப்படியானால் பம்ப்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். புது பம்ப் 3,200, மாட்டிய கூலி 600. முதலியார்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் மாட்டிக் கொடுத்தார். அவர் பட்டறை ஒரு பெரிய வேப்பமரத்துக்கு அடியில் இருக்கிறது. மாட்டி முடித்து பத்து முறை ஸ்டார்ட் செய்து பார்த்தோம், பத்து முறையும் பிடித்தது.

நான்காம் நாள் ஆபீஸ் வாசலில் மறுபடி நின்றது.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பிளக் வயர்கள் 4,600. பிளக் நான்கு 1,120. இக்னிஷன் காயில் சூடானால் செத்துப்போகும் என்று ஒருவர் அடித்துச் சொன்னதால், சென்னை புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறி, கழற்றிப் போட்ட காயில் ஒன்றை 1,800-க்கு வாங்கி வந்தேன். ஒவ்வொரு முறையும் வண்டி வேப்பமரத்தடிக்குப் போகும், அங்கே ஒழுங்காக ஓடும், அண்ணன் என்னைப் பார்ப்பார். "வண்டி நல்லாத்தானே இருக்கு தம்பி?" மழைக்காலம் வந்ததும் நோய் தானாக மறைந்தது. காயில்தான் காரணம் என்று நான் நான்கு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இந்த வகையில் மொத்தம் 11,320 ரூபாய். பிளக், மூடியெல்லாம் எப்படியும் மாற்ற வேண்டியவைதான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பம்ப்புக்கும் காயிலுக்கும் அந்தச் சமாதானமும் கிடையாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நாங்கள் இருப்பது ரெயின்போ நகர் பக்கம், லேசான மழைக்கே தெருவில் தண்ணீர் நிற்கும் இடம். விடிந்து பார்த்தபோது கதவின் அடிவிளிம்புக்கு மேல் நான்கு விரற்கடை தண்ணீர். செய்த ஒரே நல்ல காரியம், ஸ்டார்ட் செய்யாமல் விட்டது. தண்ணீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசையை அடக்குவது சுலபமில்லை. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நடந்துபோய், ஒரு 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலை மட்டும் கழற்றிவிட்டு வந்தேன்.

தண்ணீர் வடிந்ததும் சீட், கார்ப்பெட் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். சீட்டைப் பிடித்திருக்கும் 14 நம்பர் போல்ட்டுகளில் மூன்று துருப்பிடித்து இறுகியிருந்தன. டீசலில் ஒரு இரவு ஊறவைத்த பிறகு இளகின. கார்ப்பெட்டுக்கு அடியில் பழந்துணியைத் தட்டித் தட்டிச் செய்தது மாதிரி ஒரு மெத்தை இருக்கும். கார்ப்பெட்டைத் தொட்டால் காய்ந்தது மாதிரி இருக்கும், இது மட்டும் நாள்கணக்கில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும். மொட்டை மாடியில் போட்டு ஏழு நாள் ஆகியும் பிழிந்தால் சொட்டியது. தூக்கிப் போட்டுவிட்டு 1,800-க்குப் புது ஃபெல்ட் வாங்கினேன்.

அதை எடுத்தபிறகுதான் தரை தெரிந்தது. ஓட்டுநர் பக்கம், குதிகால் வைக்கிற இடத்தில், தகடு பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தது. திருப்புளியால் குத்தினேன், தெரு தெரிந்தது. இது ஒரு வெள்ளத்தில் வந்ததில்லை. இருபது வருஷக் கடற்காற்றும், ஈரக் கால்களும், உள்ளே வடிந்து வெளியே போகாத தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை.

இங்கே ஒரு தப்பு செய்தேன். வெல்டிங் வைத்தால் செலவு என்று, ஃபைபர் துணியும் ரெசினும் 1,400-க்கு வாங்கி நானே ஒட்டினேன். துருவை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, மேலே பட்டி பார்த்து, வர்ணமும் அடித்ததும் புதுசு மாதிரி இருந்தது. மூன்று வாரம் கழித்து ஜாக்கி போடும்போது ஓரத்தில் 'சர்ர்' என்று பிரிந்தது. உள்ளே துரு ஜோராக வளர்ந்துகொண்டிருந்தது. துருவின் மேல் எதை ஒட்டினாலும் அது துருவோடுதான் ஒட்டிக்கொள்கிறது.

கடைசியில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வயசான டிங்கர், பேச்சு குறைவு. சின்னச் சுத்தியலால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். சத்தம் 'டங்' என்று வந்தால் அடுத்த இடம், 'தப்' என்று வந்தால் சாக்பீஸ் கோடு. முடிந்தபோது நான் பார்த்த உள்ளங்கையளவு ஓட்டை, ஒன்றரை அடிக்கு ஒரு அடி செவ்வகமாகி இருந்தது. பயணி பக்கமும் ஒரு கோடு. "இத விட்டா அடுத்த வருசம் வருவீங்க" என்றார், அவ்வளவுதான். கிரைண்டரால் நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் தகட்டை அளவுக்கு மடக்கி, ஓரங்களில் ஒரு அங்குலத்துக்கு ஒரு பொட்டு என்று வெல்டிங் வைத்தார். ஒரேயடியாகக் கோடு இழுத்தால் தகடு சூட்டில் நெளிந்துவிடும் என்பதால், ஒரு பொட்டு இந்த மூலையில், அடுத்த பொட்டு எதிர் மூலையில். மூன்று நாள், இரண்டு ஆள், 9,500 ரூபாய்.

வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுவது எல்லோருக்கும் தெரியும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் பெட்டியின் இணைப்பையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். அது போனால் இந்தக் காருக்கு மறுபடி தேடிப் பிடிப்பது பெரிய பாடு. எர்த் கவ்வியையும் வெல்டிங் வைக்கும் தகட்டிலேயே, பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

பிறகு உள்ளே துத்தநாகப் ப்ரைமர், இணைப்புகளில் சீலர், அடியில் கறுப்பு அண்டர்பாடி கோட்டிங். எல்லாம் 2,600. கோட்டிங்கை நானே அடித்தேன், இரண்டு கோட்டு, ஓர் இடம் விடாமல். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி பிரித்தபடியே கிடந்ததால், பிப்ரவரியில் டைமிங் பெல்ட்டுக்கும் கைவைத்தேன். எப்போது மாற்றியது என்று ஆசிரியருக்கு ஞாபகமில்லை. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், ரிஸ்க் எடுக்கிற இடமில்லை. பெல்ட் 1,650, டென்ஷனர் 1,900, எப்படியும் பிரிக்கிறோம் என்று வாட்டர் பம்ப் 2,400, கேம் சீலும் கிராங்க் சீலும் 700, கூலன்ட் 1,200. அண்ணன் கூலி 3,500. கூலியில் பாதி கிராங்க் புல்லி போல்ட்டுக்கே போயிருக்க வேண்டும். இந்த ஹோண்டா இன்ஜின்களில் அந்த ஒரு போல்ட் பேர்போனது. நான்கடி ஜிஐ பைப்பை ரெஞ்சில் சொருகி, நான் ஒரு பக்கம் புல்லியைப் பிடிக்க, அண்ணன் பைப்பின் நுனியில் ஏறி நின்று குதித்தார். மூன்றாவது குதிப்பில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். போல்ட் உடைந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம். இளகியிருந்தது.

பெல்ட்டை மாட்டினோம். ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலில் ஒரு நடுக்கம், இரண்டாவது கியரில் இழுவையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போனது. காரணம் என் கண்தான். வெளியே இருக்கும் கிராங்க் புல்லியில் ஒரே கோடு இல்லை, பல கோடுகள் இருக்கின்றன. முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் காட்டுவது வெள்ளைக் கோடு. சிவப்பு, இக்னிஷன் டைமிங் பார்ப்பதற்கு. இருபது வருஷ ஆயிலில் வெள்ளையும் சிவப்பும் ஒரே கறுப்பு. "இதுதான் கோடு" என்று விரல் வைத்துக் காட்டியவன் நான். மறுபடி பிரித்தபோது வெளிப் புல்லியை நம்பாமல், உள்ளே கிராங்க் பல்சக்கரத்தில் இருக்கும் குறியை ஆயில் பம்ப் மேலிருக்கும் அம்புக்கு நேராக வைத்தோம். மேலே கேம் புல்லியில் 'அப்' என்ற எழுத்து உச்சியில், பக்கவாட்டுக் கோடுகள் ஹெட்டின் மேல்மட்டத்துக்கு நேராக. இப்போது பல் சரியாக உட்கார்ந்தது. இன்னொன்று, இந்த இன்ஜின் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். கையால் சுற்றிப் பார்க்கும்போது பழக்க தோஷத்தில் வலப்பக்கம் சுற்றினால் பெல்ட் தளர்ந்து பல் தாண்ட வாய்ப்பு உண்டு. அடுத்த முறை பிரிப்பதற்கு முன்பே கோட்டை டீசலால் துடைத்து வெள்ளை பெயின்ட் பேனாவால் குறித்துக்கொள்வேன்.

அதே சூட்டோடு வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி. சூட்டோடு என்றால் சும்மா சொல்வழக்கு, இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 மி.மீ. எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் 0.20-கூட நுழையவில்லை, அவ்வளவு இறுக்கம். கேஜை இழுக்கும்போது வெண்ணெய் தடவிய கத்தியை ரொட்டியிலிருந்து உருவுகிற மாதிரி ஒரு பிடிப்பு இருக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிக் கொடுத்தார். விடெக் சோலனாய்டு கேஸ்கெட்டும் அன்றே மாற்றினோம். விடெக் வேலை செய்வது ஆயில் அழுத்தத்தில்தான். அந்த கேஸ்கெட்டோடு சேர்ந்து ஒரு சன்னமான வலை இருக்கும், அது அடைத்துக்கொண்டால் மேல் வேகத்தில் வருகிற அந்த இரண்டாவது மூச்சு வராது. என்னுடையதில் பாதி வலை தார் மாதிரி அடைத்திருந்தது. கேஸ்கெட் 450. கோட்டக்குப்பம் தாண்டி ஈசிஆரில் மூன்றாவது கியரில் விட்டபோது, ஊசி மேலே போகப் போகக் குரல் மாறியது. ஒரு வருஷமாக என் கையில் இருந்த கார் அதுவரை பாதித் தொண்டையில்தான் பாடிக்கொண்டிருந்தது.

சக்கரக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது. காரில் இருந்தது 185/60 ஆர் 14. அழகுக்காகப் பழைய 15 அங்குல அலாய் செட்டும் 195/55 டயரும் சேர்த்து 22,000-க்கு வாங்கினேன். நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம், அதனால் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் டயரின் மொத்த உயரம் 18 மி.மீ. கூடிவிட்டது. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஃபெண்டர் உரசும். அரியாங்குப்பத்திலிருந்து கன்னியக்கோவில் போவதற்குள் எத்தனை வேகத்தடை என்று அந்த மாதம்தான் எண்ணினேன். 17,000-க்கு விற்றுவிட்டு, பழைய 14 அங்குல ரிம்மிலேயே 18,400-க்கு நான்கு புது டயர். ஷாக் அப்சார்பர் நான்கும் மவுண்டோடு 19,500, புஷ்கள் 4,200, அலைன்மென்ட், பேலன்ஸிங் 600. பிரேக்குக்கு முன் டிஸ்க், பேட், பின் ஷூ, பிரேக் ஆயில் எல்லாம் 6,300. பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது மகள் பெடலில், நான் அடியில். "அமுக்கு... பிடி... விடாத!" அவள் விட்டுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து.

பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றினேன். இப்போது பங்கில் வருவது இ20, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இருபது வருஷத்துக்கு முந்திய ரப்பரை எத்தனால் என்ன செய்யும் என்று காத்திருந்து பார்க்க மனசில்லை. கடையில் கார்புரேட்டர் வண்டிக்குப் போடும் ஹோஸைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அழுத்தம் அதிகம், அதற்குரிய ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். கிளிப்போடு 900 ரூபாய்.

இவ்வளவும் முடிந்து, 2025 ஏப்ரல். கடலூரில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கன்னியக்கோவிலில் நுங்கு வாங்க நிறுத்தினேன். பகல் இரண்டு மணி. நுங்கு சீவி முடிப்பதற்குள் காருக்குள் கொதி. சாவி திருப்பினேன். செல்ப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பம்ப் சத்தம் இல்லை, அதுவும் போன வருஷம் வாங்கிய புது பம்ப்.

இந்த முறை மல்ட்டிமீட்டர் டிக்கியில் இருந்தது. பின் சீட்டைத் தூக்கி, பம்ப் கனெக்டரில் மீட்டரின் கம்பிகளைச் சொருகி, நுங்குக்காரத் தம்பியைச் சாவி திருப்பச் சொன்னேன். பூஜ்யம். கரண்டே வரவில்லை. கதவுகளைத் திறந்துவிட்டு நுங்கு சாப்பிட்டோம். கால்மணி நேரம் கழித்து மறுபடி திருப்பச் சொன்னபோது 12.2 வோல்ட் இரண்டு நொடி வந்து போனது, பம்ப் 'விர்' என்றது. 2024 ஏப்ரலிலேயே இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் பம்ப்புக்குப் போன 3,800 பாக்கெட்டில் இருந்திருக்கும். பம்ப் சுற்றவில்லை என்றால் பம்ப் கெட்டது என்று மட்டும் அர்த்தமில்லை, அதற்குச் சோறு போகவில்லை என்றும் இருக்கலாம்.

பம்ப்புக்குக் கரண்ட் கொடுப்பது டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலே, சாவி திருப்பியதும் 'டக்' என்று தானாகப் போடப்படும் ஒரு சுவிட்ச். தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவு. ஒரே ஒரு 10 நம்பர் போல்ட்தான், ஆனால் தலை பெடல் பக்கம், கால் சீட்டின் மேல் என்று சர்க்கஸ் செய்தால்தான் கை எட்டும். அதைக் கழற்றும் முன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, அன்று இரவு எட்டு மணிக்கு, வெயிலே இல்லாத நேரத்தில், மனைவியின் ஹேர் ட்ரையரை ரிலே மேல் பிடித்தேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை சாவி. முதல் நிமிடம் 'டக், விர்'. இரண்டாவது, அதேதான். மூன்றாவது, அதேதான். நான்காவது நிமிடம் மௌனம். ஃப்ரிட்ஜ் ஐஸை பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்று கட்டி ரிலே மேல் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் 'டக், விர்'. மறுபடி சூடு, மௌனம். மறுபடி ஐஸ், 'விர்'. இரவு பத்து மணிக்கு காருக்குள் தலைகீழாகக் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தவனைப் பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிலேயின் பிளாஸ்டிக் மூடியைத் தட்டைத் திருப்புளியால் நெம்பித் திறந்தேன். வெறும் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்து, டார்ச்சை சாய்வாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தடித்த கம்பி ஒன்றைச் சுற்றி ஈயத்தில் தலைமுடி அளவில் ஒரு வளையக் கீறல். கம்பி தனி, ஈயம் தனி. குளிர்ந்திருக்கும்போது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், வெயிலில் சூடானால் விலகிவிடும். பக்கத்தில் இன்னொரு கம்பியிலும் அரை வளையம்.

என்னிடம் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்னால் பழைய ஈயத்தையே உருக்கி விட்டேன். ஒன்பது நாள் நன்றாக ஓடியது. பத்தாவது நாள் அண்ணா சாலையில் வெயிலில் நின்றது. தடித்த கம்பி சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் 25 வாட் போதவில்லை, ஈயம் மேலாக உருகியதே தவிர கம்பியைப் பிடிக்கவில்லை. டிவி ரிப்பேர் செய்யும் நண்பரிடம் 60 வாட் அயர்ன் கடன் வாங்கி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, கம்பியை பிளேடால் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஃப்ளக்ஸ் தடவி, 60/40 ஈயம் புதிதாக வைத்தேன். கீறல் விழாத கம்பிகளுக்கும் சேர்த்து. சரியாகப் பிடித்த ஈயம் கம்பியைச் சுற்றிச் சின்ன எரிமலை மாதிரி சரிந்து நிற்கும், பளபளக்கும். உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஈயமும் ஃப்ளக்ஸும் 40 ரூபாய். அதற்குப் பிறகுதான் அந்த சில்வர் பீச் பரீட்சை. ஒரு முழுக் கோடை தாண்டிவிட்டது, ஒரு தடவைகூட அடம் இல்லை.

மீட்டர் கையில் இருந்த தைரியத்தில் ஹெட்லைட்டையும் அளந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், பல்பு முனையில் 12.3. நடுவில் இருந்த பழைய வயரும் சுவிட்சும் 1.8 வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தன. பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு தனி வயர், 2.5 ஸ்கொயர் எம்எம், ரிலே இரண்டு, செராமிக் ஹோல்டர் இரண்டு, எல்லாம் 1,150. இப்போது பல்பில் 13.7. பல்பு அதே 60/55 வாட்தான், ஆனால் இரவில் ஈசிஆரில் மாடு முன்னாடியே தெரிகிறது. இந்தக் காரில் போட்ட காசில் மிகவும் மலிவாகக் கிடைத்த முன்னேற்றம் இதுதான் என்பேன்.

கார் விலை தவிர இதுவரை போனது 95,000-க்குக் கொஞ்சம் குறைவு. காரின் விலையைத் தாண்டிவிட்டது. மைலேஜ் 11-லிருந்து 13.5-க்கு வந்திருக்கிறது, அதை வைத்துக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது. ஆர்சி 2027 வரை இருக்கிறது. 20 வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள், அதற்கும் இப்போதிலிருந்தே எடுத்துவைக்க வேண்டும். மறுபடி இப்படி ஒரு வண்டி எடுத்தால் முதல் நாளே கார்ப்பெட்டைத் தூக்கி, சுத்தியலால் தட்டி, அப்புறம்தான் விலை பேசுவேன். வெயிலில் வரும் நோயை வெயிலிலேயே வைத்துப் பார்ப்பேன். அண்ணனிடமும் சொன்னேன். "மரத்தை வெட்டச் சொல்றியா தம்பி?" என்றார்.

கடைசியில் சொல்கிறேன் என்று ஒன்றை விட்டுவைத்தேனே. அக்டோபரில் முதல் பெரிய மழை. மறுநாள் பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்கு அடியில் 'சலக், சலக்' என்று தண்ணீர் குலுங்கும் சத்தம். கார்ப்பெட் காய்ந்துதான் இருந்தது. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியில், உள்ளே இறங்கும் தண்ணீர் வடிவதற்காக ஹோண்டாக்காரர்கள் வைத்த ஓட்டைகள் இருக்கின்றன. நான் ஓர் இடம் விடாமல், இரண்டு கோட்டு, கறுப்புக் கோட்டிங் அடித்து அவற்றை அழகாக அடைத்திருந்தேன். சைக்கிள் ஸ்போக்ஸை வளைத்து வலது பக்கம் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன். முதல் ஓட்டையிலிருந்தே ஒரு சொம்புக்கு மேல் காபி நிறத் தண்ணீர் என் சட்டைக்குள் இறங்கியது. இடது பக்கம் இன்னும் இரண்டு பாக்கி. கோட்டிங் அங்கே கெட்டியாக இருக்கிறது, ஸ்போக்ஸ் ஏறவில்லை, ஞாயிற்றுக்கிழமை 6 மி.மீ. டிரில் பிட் கொண்டு பார்க்க வேண்டும்.